வெளிறிய குருதியும் வீண்பழியும்

சோம்பல் வேறு, சோகை வேறு. முன்னது மனத்தின் குற்றம். பின்னது உடலின் குறை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, நோயாளியைக் குற்றவாளியாக்கிய காலம் ஒன்று நம் தோட்டப்புற வரலாற்றில் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளி ஒருவன் நான்கு அடி நடந்ததும் மூச்சு வாங்கி நின்றால், கங்காணி அவனைச் சோம்பேறி என்றான். கிராணி பெயரேட்டில் அரைநாள் என்று எழுதினான். துரையோ, இம்மக்கள் பிறப்பிலேயே ஊக்கம் குன்றியவர்கள் என்று முடிவு கட்டினார். அத்தொழிலாளியின் கண்ணிமையைச் சற்றே விலக்கி, அங்கே சிவப்பு இருக்கின்றதா, வெளுப்பு இருக்கின்றதா என்று பார்த்தவர் மிகச் சிலரே.

அந்த வெளுப்பின் வரலாற்றையே இக்கட்டுரை ஆராய்கின்றது. குருதி ஏன் வெளிறுகின்றது, அதனை மனிதன் எவ்வாறு கண்டறிந்தான், கண்டறிவதற்கு முன்னர் எத்தகைய பழிகளைச் சுமத்தினான் என்பவை மருத்துவர்க்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. மாணவரின் முகத்தை நாள்தோறும் காணும் ஆசிரியர்க்கும் அவை உரியவை.

பினாங்குத் தீவுக்கு எதிரே, பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் நடுவில் அமைந்துள்ளது ஜுரு. இன்று நெடுஞ்சாலையில் விரைவோர் அதனைச் சுங்கச் சாவடியின் பெயராகவும், தொழிற்சாலைகளும் வாகன விற்பனை நிலையங்களும் நிறைந்த இடமாகவும் அறிவர். ஆயினும், வெல்லெஸ்லி மாநிலம் என்று முன்னர் வழங்கிய இவ்வட்டாரம், தமிழர் மலாயாவில் தோட்டத் தொழிலாளராகக் காலூன்றிய மிகப் பழைய நிலங்களுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கே கரும்புத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய மக்கள் பினாங்கில் கரையிறங்கி, ஒப்பந்தக் கூலிகளாக இத்தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு மறைந்து இரப்பர் எழுந்தது. 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்தது. 1938இல் கங்காணி முறையும் நின்றது. தோட்டங்கள் பல மறைந்துவிட்டபோதிலும், தோட்டம் என்னும் சொல் இப்பகுதித் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றின் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அம்மக்களின் உடலில் ஒட்டியிருந்த நோயின் கதையை மட்டும் நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

மருந்து முந்தியது, காரணம் பிந்தியது

வெளிறிய குருதி புதிய நோய் அன்று. நம் முன்னோர் அதனைப் பாண்டு என்றனர். பாண்டு என்னும் சொல்லே வெளிறிய நிறத்தைக் குறிப்பது. சித்த மருத்துவர்கள் இந்நோய்க்கு அயச்செந்தூரம், காந்தச் செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் முதலியவற்றை வழங்கினர். அயம் என்பது இரும்பு; காந்தமும் இரும்பின் வகையே; அன்னபேதி என்பது இன்றைய வேதியியலார் இரும்புச் சல்பேட்டு என்று அழைக்கும் பசிய உப்பு. குருதியில் இரும்பு உள்ளது என்பதை எவரும் ஆய்வுக்கூடத்தில் நிறுவுவதற்கு முன்னரே, இரும்பு அந்நோயைத் தணிக்கும் என்பதைப் பட்டறிவு அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

ஐரோப்பாவிலும் இதே நிலைதான். 1554இல் யொஹான்னெஸ் லாங்கே என்பவர் வெளிறிச் சோர்ந்த இளம்பெண்களின் நோயைக் கன்னியர் நோய் என்று வருணித்தார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் இரும்புத் தூளைத் திராட்சை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான வின்சென்சோ மெங்கினி, குருதியை எரித்துச் சாம்பலாக்கி, அச்சாம்பலின் துகள்களைக் காந்தம் ஈர்ப்பதைக் காட்டினார். 1832இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் பிளோத் இரும்புச் சல்பேட்டிலிருந்து மாத்திரை செய்து புகழ் பெற்றார். நம் நாட்டு மருத்துவரின் பெட்டியிலிருந்த அன்னபேதியும், பிளோத்தின் மாத்திரைக்கு மூலமான பொருளும் ஒன்றே என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆயினும், இங்கும் அங்கும் மருந்து கிடைத்ததேயன்றிக் காரணம் கிடைக்கவில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, நோயை ஆராய்ந்ததோடு நில்லாமல் அதன் முதலையும் ஆராய்ந்து, பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்று முறைப்படுத்துகின்றது. சோகையின் வரலாறு முழுவதும் இம்முறையை மறந்ததனால் விளைந்த தவறுகளின் வரலாறு என்றே கூறலாம். இரும்பு குறைந்துள்ளது என்று அறிவது நோயை அறிவது. அது ஏன் குறைந்தது என்று அறிவதே நோய்முதல் அறிவது.

உடலின் வரவு செலவு

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு அனைத்தையும் திரட்டினால் 3 முதல் 4 கிராம் வரையில்தான் தேறும். ஓர் ஆணியின் எடை. அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு செங்குருதியணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருளில் அடங்கியுள்ளது. நுரையீரலில் உயிர்வளியைப் பற்றி உடலெங்கும் சுமந்து செல்வது இப்பொருளே. அது குறைந்தால் தசைக்கும் மூளைக்கும் உயிர்வளி குறைகின்றது, நெஞ்சு படபடக்கின்றது, படியேறினால் மூச்சு முட்டுகின்றது, நகம் கரண்டிபோல் குழிகின்றது. மண்ணையும் சாம்பலையும் பச்சரிசியையும் தின்னும் விசித்திரமான வேட்கையும் சிலரிடத்தே தோன்றுகின்றது. மண் தின்னும் குழந்தையை அடித்த தாய்மார் எத்தனையோ பேர். அது குருதி எழுப்பிய முறையீடாகவும் இருக்கலாம் என்று அவர்கள் அறிந்திலர்.

இரும்பைப் பொறுத்தவரையில் நம் உடல் சிக்கனக்காரன். பழைய அணுக்கள் அழியும்போது வெளிப்படும் இரும்பை வீணாக்காமல் மீண்டும் புதிய அணுக்களுக்குப் பயன்படுத்திக்கொள்கின்றது. தோலும் குடலின் உட்படலமும் உதிர்வதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் மட்டுமே செலவாகின்றது. உணவிலிருந்து 1 முதல் 2 மில்லிகிராம் வரை வரவாகின்றது. ஆகவே, குருதி வெளியேறாதவரையில் கணக்கு நேராகவே இருக்கும்.

குருதி வெளியேறினால் கணக்குப் பிசகுகின்றது. நலமான குருதி 1 மில்லிலிட்டரில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உள்ளது. மாதவிலக்கின்போது 30 அல்லது 40 மில்லிலிட்டர் குருதி வெளியேறும் பெண்ணுக்கு, 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு மாதந்தோறும் கூடுதலாகச் செலவாகின்றது. ஒருமுறை கருவுற்றுப் பிள்ளை பெறுவதற்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் இரும்பு தேவைப்படுகின்றது. தோட்டத்தில் ஆணோடு நிகராக நிரை பிடித்து மரம் வெட்டிய பெண், ஆணினும் வெளிறிக் காணப்பட்டமைக்கு இக்கணக்கே சான்று.

இனி, வரவின் பக்கம் நோக்குவோம். இறைச்சி, மீன், சிப்பி ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். கீரையிலும் பருப்பிலும் அரிசியிலும் உள்ள இரும்பை அது அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. உணவோடு தேநீர் அருந்தினால் அந்தச் சிறுவரவும் குறைகின்றது; எலுமிச்சை, கொய்யா போன்றவற்றின் உயிர்ச்சத்து சேர்ந்தால் அது கூடுகின்றது. ஜுரு ஆற்றின் முகத்துவாரத்துச் சேற்றில் மீனவர் வளர்த்துவந்த கெராங் என்னும் சிப்பி இரும்புச் சத்து மிக்கது. அதற்குச் சில கல் தொலைவிலிருந்த லயங்களில் வாழ்ந்தவர்களுக்கோ, சோறும் சிறிது கருவாடும் தேத்தண்ணீருமே அன்றாட உணவாயின.

எனினும், உணவுக் குறை ஒன்றே அந்நாளைய சோகைக்கு விடையாகாது. செலவின் பக்கத்தில் கண்ணுக்குப் புலனாகாத திருடன் ஒருவன் இருந்தான்.

மண்ணில் மறைந்திருந்த திருடன்

அத்திருடன் கொக்கிப்புழு. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள இப்புழு மனிதனின் சிறுகுடற் சுவரைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சி வாழ்கின்றது. இதில் இரு வகைகள் உண்டு. ஒரு வகை நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர் அளவும், மற்றொரு வகை 0.15 முதல் 0.2 மில்லிலிட்டர் வரையும் குருதியை இழக்கச் செய்கின்றது. ஒரு புழுவால் என்ன ஆகும் என்று எண்ணலாம். சிறிய வகைப் புழுக்களே 300 குடலில் இருக்குமாயின் நாள்தோறும் 9 மில்லிலிட்டர் குருதி போகும். அதனுடன் 4 மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் போகும். அதில் ஒரு பகுதியைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொண்டாலும், எஞ்சிய இழப்பை வறிய உணவால் ஈடுசெய்ய இயலாது. சேமிப்பு கரைகின்றது, பின்னர்க் குருதி வெளிறுகின்றது.

இப்புழுவை மிலான் நகரில் 1838இல் கண்டவர் ஆஞ்செலோ துபீனி. அது சோகைக்குக் காரணமாகும் என்பது பெரிதும் வெளிப்பட்டது ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்டு இரயில் சுரங்கம் அமைத்தபோதுதான். அங்கே உழைத்த தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வெளிறிச் சோர்ந்தனர். 1880இல் எதோவார்தோ பெரோன்சீத்தோ அவர்தம் நோய்க்குக் கொக்கிப்புழுவே காரணம் என்று காட்டினார். புழு உடலுக்குள் புகும் வழியை விளக்கியவர் ஆர்தர் லூஸ். கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, புழுவின் இளவுயிர்கள் கலந்த நீர் அவர் கையில் தற்செயலாகச் சிந்தியது. தோல் அரித்தது, சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் காணப்பட்டன. 1898இல் நிகழ்ந்த இந்நிகழ்ச்சி, வாய்வழியே மட்டுமன்றித் தோலைத் துளைத்தும் இப்புழு உடலுட் புகும் என்பதை உணர்த்தியது.

இப்போது இரப்பர்த் தோட்டத்தை மனக்கண்ணால் காண்போம். மரநிழல், மழையில் ஊறிய மண், ஆண்டு முழுவதும் வெப்பம். கழிப்பிடம் இல்லாத மக்கள் மரங்களுக்கிடையே ஒதுங்குவர். மலத்தோடு விழுந்த முட்டைகள் அந்நிழல் மண்ணில் பொரித்து, ஒருவார காலத்தில் தோலைத் துளைக்கும் வல்லமை பெறும். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே நிரையில் வெறுங்காலோடு மரம் வெட்ட வருவோரின் விரலிடுக்கில் அவை நுழையும். குருதியோடு ஓடி, நுரையீரல் சேர்ந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடையும். காலில் தோன்றிய அரிப்பைச் சேற்றுப்புண் என்று கருதி மஞ்சள் பூசியவர்கள், அதுவே தம் குருதிக்குள் திருடன் புகுந்த வாயில் என்பதை எங்ஙனம் அறிவர்?

சோம்பல் என்னும் பழி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாழ்ந்த வறிய வெள்ளையரையும் பிறர் சோம்பேறிகள் என்று எள்ளினர். 1902இல் சார்லஸ் வார்டெல் ஸ்டைல்ஸ் அங்கே கொக்கிப்புழு பரவலாக உள்ளதை எடுத்துரைத்தபோது, செய்தித்தாள் ஒன்று சோம்பல் கிருமி கண்டுபிடிக்கப்பட்டதாக நகைச்சுவையாக எழுதியது. நகைத்தது போக, உண்மை நின்றது. 1909இல் ராக்பெல்லர் பத்து இலட்சம் டாலர் வழங்க, அந்நோயை ஒழிக்கும் இயக்கம் அங்குத் தொடங்கியது. 1913க்குப் பின்னர் அது கடல் கடந்தது.

மலாயாவில் நிகழ்ந்த ஆராய்ச்சி

மலாயாவில் நோய்முதல் நாடும் பணிக்கு 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஓர் அடித்தளமாயிற்று. பெரிபெரி என்னும் நோய் சீனத் தொழிலாளரிடையே மிகுந்தும் தமிழரிடையே அருகியும் காணப்பட்டது. தமிழர் உண்டது புழுங்கலரிசி. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. இவ்வேறுபாட்டை 1907இல் பிராடன் என்னும் மருத்துவர் எடுத்துக்காட்ட, பிரேசரும் ஸ்டான்டனும் தொடர்ந்து ஆராய்ந்து, அரிசியின் மேல்தோல் நீக்கப்படுவதே நோய்க்குக் காரணம் என்று நிறுவினர். நம் பாட்டியர் அரிசியைப் புழுக்கிய பழக்கம் ஒரு நோயிலிருந்து நம்மவரைக் காத்தது. வெறுங்காலும் கழிப்பிடமின்மையும் மற்றொரு நோயை அவர்கள் மீது சுமத்தின.

அம்மற்றொரு நோயை ஆராய 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனத்தின் குழு ஒன்று கீழைநாடுகளில் பணியாற்றியது. சாமுவேல் டார்லிங், மார்ஷல் பார்பர், ஹாக்கர் ஆகிய மூவரும் மலாயா, ஜாவா, பிஜித் தீவுகள் ஆகிய இடங்களில் நிகழ்த்திய கொக்கிப்புழு, மலேரியா ஆராய்ச்சியின் அறிக்கை 1920இல் நூலாக வெளிவந்தது. அவர்கள் தொழிலாளர்க்குப் புழுநீக்கி மருந்து கொடுத்து, வெளிவந்த புழுக்களை எண்ணினர். குருதியின் செம்மையை அளந்தனர். மலேரியாவும் செங்குருதியணுக்களை அழித்துச் சோகையை உண்டாக்குவதால், இரண்டின் பங்கையும் வேறுபடுத்திக் காண முயன்றனர். ஒரு மனிதனின் தளர்ச்சிக்குக் காரணம் அவன் குணமா, குருதியா என்னும் வினாவை எண்ணிக்கையின் முன் நிறுத்தியதே இம்முயற்சியின் சிறப்பு.

மருந்து என்னும் வகையில் நம் வீட்டு ஓமத்திலிருந்து வடித்தெடுக்கக்கூடிய தைமாலும், பின்னர்க் கினோபோடியம் எண்ணெயும் அந்நாளில் வழங்கப்பெற்றன. 1916இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரிடையேயும், 1920களில் சென்னை மாகாணத்திலும் இவ்வியக்கம் நடைபெற்றது. இலங்கையில் கற்ற பாடம் கசப்பானது. மருந்துண்டவர் நலம் பெற்றனர். சில திங்களில் மீண்டும் புழுவுற்றனர். காரணம் தெளிவு. குடலிலிருந்து புழு நீங்கியதேயன்றி மண்ணிலிருந்து நீங்கவில்லை. தோட்ட முதலாளிகள் பலர் மருந்தை ஏற்றனர். கழிப்பிடம் கட்டும் செலவை ஏற்கத் தயங்கினர். மருந்து கொடுத்தால் தொழிலாளி மறுநாள் வேலைக்கு வருவான். கழிப்பிடத்தின் பயனோ மெல்ல மெல்லவே தெரியும். கணக்குப் புத்தகம் முதலாவதையே விரும்பிற்று.

1977இல் வெளிவந்த தம் நூலில் சையத் ஹுசைன் அலத்தாஸ், மலாய்க்காரரையும் சாவகரையும் பிலிப்பினரையும் சோம்பேறிகள் என்று குடியேற்ற ஆட்சியாளர் வருணித்தது ஒரு கட்டுக்கதை என்பதையும், அக்கதை யாருக்குப் பயன்பட்டது என்பதையும் விளக்கினார். கொக்கிப்புழுவின் வரலாறு அக்கருத்துக்கு உடலியல் வழியே ஒரு சான்று சேர்க்கின்றது. எனினும், தோட்டத்தாரின் தளர்ச்சி அனைத்திற்கும் புழு ஒன்றே காரணம் என்று கூறுவது மற்றொரு மிகையாகும். மலேரியா, அரைவயிற்று உணவு, அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, நீண்ட வேலைநேரம் ஆகியவை கைகோத்தே நின்றன. ஒரு காரணம் கண்டவுடன் பிற காரணங்களை மறந்துவிடுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று.

சிற்றணுவின் சான்று

கண்ணிமையின் நிறம் ஏமாற்றக்கூடும். ஆகவே குருதியை அளக்கும் கருவிகள் தோன்றின. 1878இல் கவர்ஸ், குருதியின் சிவப்பை ஒப்பிட்டு அளக்கும் கருவியை அமைத்தார். பின்னர்ச் சாலி என்பவரின் கருவி நம் நாட்டு மருத்துவமனைகளிலெல்லாம் பரவியது. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, 100 மில்லிலிட்டர் குருதியில் ஹீமோகுளோபின் ஆணுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அது சோகை. கருவுற்ற பெண்ணுக்கு முதல் மும்மாதத்திலும் இறுதி மும்மாதத்திலும் எல்லை 11 கிராம்.

இவ்வளவை சோகை உண்டென்று கூறும். எத்தகையது என்று கூறாது. அதனைக் கூறும் வழியைத் திறந்தவர் மாக்ஸ்வெல் வின்ட்ரோப். 1930களில் அவர் சோகையைச் செங்குருதியணுவின் பருமனால் பகுத்தார்: பேரணுச் சோகை, இயல்பணுச் சோகை, சிற்றணுச் சோகை. அணுவின் சராசரிப் பருமன் 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இருத்தல் இயல்பு. 80க்குக் குறைந்தால் சிற்றணு. ஹீமோகுளோபின் செய்யப் பொருள் போதாதபோது அணு சிறுத்து வெளிறிப் பிறக்கின்றது. மாவு குறைந்தால் இட்டிலி சிறுப்பது போன்றது இது.

இப்பகுப்பின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், ஆலைத் தொழிலாளரான கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்தார். அவர்களுள் பலருடைய அணுக்கள் சிறுத்திருக்கவில்லை; பருத்திருந்தன. காரணம் இரும்புக் குறை அன்று. பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப்பெயர் பெற்ற உயிர்ச்சத்தின் குறை என்று அவ்வாராய்ச்சியின் வழியே தெளிவாயிற்று. வெளித்தோற்றத்தில் ஒன்றாகிய இரு வெளுப்புகள். உள்ளே முற்றிலும் வேறான இரு காரணங்கள்.

இரும்பு படிப்படியாகவே குறைகின்றது. முதலில் சேமிப்பு கரையும். அப்போது ஃபெரிட்டின் என்னும் பொருள் குருதியில் குறைகின்றது. 1972இல் இதனை அளக்கும் முறை வந்தபின், எலும்பு மச்சையைக் குத்தி எடுக்காமலே சேமிப்பை அறிய முடிந்தது. நலமான பெரியவரிடத்தே லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் இரும்புச் சேமிப்பு இல்லை என்று பொருள். காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் இவ்வளவு பொய்யாக உயரும். அந்நிலையில் 70க்குக் குறைந்தாலே ஐயுறல் வேண்டும். அடுத்து, குருதியில் இரும்பைச் சுமக்கும் புரதம் வெறுமையாகின்றது. அதன் பின்னரே அணுக்கள் சிறுக்கின்றன. ஆக, ஹீமோகுளோபின் இறங்குவது கதையின் தொடக்கம் அன்று, இறுதிப் பகுதி.

சிற்றணு எல்லாம் இரும்புக் குறையா?

மலேசியர் இங்கே சிறப்பாக விழிப்புற வேண்டும். பொருட்குறையால் அணு சிறுப்பது போலவே, பிறவியில் வந்த செய்முறைக் குறையாலும் அணு சிறுக்கும். ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலிகளுள் ஒன்றைப் போதுமான அளவு செய்ய இயலாத பரம்பரைக் குறைக்குத் தலசீமியா என்று பெயர். 1925இல் அமெரிக்கரான தாமஸ் கூலி இதனை வருணித்தார். மத்தியதரைக் கடற்கரை மக்களின் நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

1950களின் இறுதியில், கட்டாயப் படைச் சேவைக்காகச் சிங்கப்பூர் வந்த டேவிட் வெதரால் என்னும் இளம் பிரித்தானிய மருத்துவர், காரணம் விளங்காத கடுஞ்சோகையுற்ற கூர்க்கா வீரர் ஒருவரின் குழந்தையைக் கண்டார். அக்குடும்பத்தாரின் குருதியை ஆராய்ந்து, அது தலசீமியா என்று தெளிந்து, 1960இல் வெளியிட்டார். பின்னர்த் தைப்பிங்கிலும் பணியாற்றிய அவர், தம் வாழ்நாள் முழுவதையும் இந்நோயின் ஆராய்ச்சிக்கே அளித்தார். நம் வட்டாரத்தில் எழுந்த ஒரு வினா உலக மருத்துவத்தை வளர்த்தது.

மலேசியாவில் பீட்டா தலசீமியாவும் ஹீமோகுளோபின் ஈ என்னும் மாற்றமும் மலாய்க்காரரிடையேயும், பீட்டா, ஆல்பா வகைகள் சீனரிடையேயும் மிகுதி. தமிழரிடையே குறைவு, ஆனால் இல்லாமலில்லை. குறையுள்ள மரபணு ஒன்றை மட்டும் பெற்றவர் தாங்கியர் எனப்படுவர். அவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். அணுக்கள் மட்டும் சிறுத்திருக்கும். ஒரே வகைத் தாங்கியர் இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்குக் கடுநோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அக்குழந்தைக்கு வாழ்நாளெல்லாம் குருதி ஏற்ற வேண்டி வரலாம். ஏற்றிய குருதியின் இரும்பே உடலில் தேங்கி இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும்.

இரண்டையும் வேறுபடுத்துவது எங்ஙனம்? இரும்புக் குறையில் அணுவின் எண்ணிக்கையும் குறையும். பருமனும் ஒன்றுக்கொன்று வேறுபடும். தலசீமியாத் தாங்கியரிடத்தே அணு சிறிது, எண்ணிக்கையோ மிகுதி. 1973இல் மென்ட்சர் என்பவர் எளிய வகுத்தல் கணக்கொன்றைக் கூறினார். சராசரிப் பருமனை, ஒரு மைக்ரோலிட்டரில் எத்தனை மில்லியன் அணுக்கள் உள்ளனவோ அவ்வெண்ணால் வகுக்க வேண்டும். பருமன் 65, எண்ணிக்கை 5.8 எனில் ஈவு ஏறத்தாழ 11. தலசீமியாவை ஐயுற வேண்டும். பருமன் 70, எண்ணிக்கை 4 எனில் ஈவு 17.5, இரும்புக் குறையை ஐயுற வேண்டும். 13 என்பது எல்லைக்கோடு. இது திசைகாட்டியே, தீர்ப்பு அன்று. ஃபெரிட்டின் சோதனையும், ஹீமோகுளோபின் ஏ2 என்னும் கூறு 3.5 விழுக்காட்டுக்கு மேல் உள்ளதா என்னும் சோதனையும் உறுதி தரும். ஆல்பா வகைக்கு மரபணுச் சோதனையே தேவைப்படும். இரும்புக் குறை ஏ2 அளவைத் தாழ்த்தி உண்மையை மறைக்கவும் கூடும். ஒருவரிடத்தே இரு குறைகளும் சேர்ந்திருக்கவும் கூடும்.

இவையன்றி, காசநோய் போன்ற நெடுநோய்களில் உடல் இரும்பைப் பூட்டி வைப்பதாலும், ஈய நஞ்சினாலும், இரும்பைப் பயன்படுத்த இயலாத அரிய பிறவிக் குறைகளாலும் அணு சிறுக்கலாம். எனவே, சிற்றணுவைக் கண்டவுடன் ஆராயாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை தருவதும், தளர்ந்தவனைக் கண்டவுடன் சோம்பேறி என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டும் காரணத்தைக் கேளாமல் முடிவுக்கு வருவன.

இரும்புக் குறை என்று உறுதியான பின்னரும் வினா முடிவதில்லை. மாதவிலக்கு நின்ற பெண்ணிடத்தும், வளர்ந்த ஆணிடத்தும் இரும்பு குறைந்தால், குருதி எங்கோ கசிகின்றது என்றே கொள்ள வேண்டும். வயிற்றுப்புண்ணோ குடற்புற்றோ அக்கசிவுக்குக் காரணமாக இருக்கலாம். மாத்திரையால் நிறம் திரும்பியது என்று மகிழ்ந்து, உள்ளிருக்கும் புற்றை வளரவிட்டவர் உண்டு.

ஆசிரியர் கடன்

தோட்டத்து லயங்கள் பெரும்பாலும் போயின. கழிப்பிடமும் காலணியும் புழுநீக்கி மாத்திரையும் வந்தன. கொக்கிப்புழு பெரிதும் அடங்கிற்று. சோகை அடங்கவில்லை. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் மூவர் சோகையுற்றிருந்தனர். 2016இல் நான்காம் படிவ மாணவர்க்குத் தலசீமியாச் சோதனை தொடங்கப்பெற்றது. பெற்றோரின் இசைவு அதற்குத் தேவை. அச்சத்தாலும் அறியாமையாலும் இசைவு மறுக்கப்படும்போது, எடுத்துரைத்துத் தெளிவிக்கும் கடமை ஆசிரியர்க்கு உண்டு. தாங்கியர் என்பது களங்கம் அன்று. திருமணத்திற்கு முன் அறிந்திருக்க வேண்டிய செய்தி. அவ்வளவே.

வகுப்பில் ஒரு மாணவி மேசையில் தலை சாய்த்திருக்கின்றாள். மூன்றாம் முறை அழைத்த பின்னரே எழுகின்றாள். மனப்பாடம் நிற்பதில்லை, விளையாட்டுத் திடலில் ஒதுங்கி நிற்கின்றாள். அவளை நாம் என்னவென்று அழைக்கப் போகின்றோம்? நூறாண்டுகளுக்கு முன் பிரட்டுக்களத்தில் அவளுடைய கொள்ளுப்பாட்டிக்குக் கிடைத்த சொல்லையே அவளுக்கும் கொடுக்கப் போகின்றோமா? அன்று கங்காணிக்கு அறிவியல் தெரியாது, அவனை மன்னிக்கலாம். இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

சோம்பேறி என்று ஒரு பிள்ளையைச் சொல்வதற்கு முன், அதன் கண்ணிமையை ஒருமுறை நோக்குவோம். காலையில் என்ன உண்டது என்று கேட்போம். பெற்றோரை அழைத்து ஒரு குருதிச் சோதனைக்கு வழிகாட்டுவோம். மருந்து கொடுப்பது நம் தொழில் அன்று. நோய்முதல் நாடும் மனத்தைப் பெறுவது நம் தொழிலுக்கும் உரியதே. நம் முன்னோர் குருதி சிந்திய நிலம் இது என்று மேடைகளில் பெருமையோடு கூறுகின்றோம். அக்குருதியின் ஒரு பகுதி, எவருக்கும் தெரியாமல், நாளொன்றுக்குச் சில துளிகளாகப் போயிற்று. போனதோடன்றிப் பழியாகவும் திரும்பி வந்தது. அப்பழியைத் துடைப்பதற்கு அவர்கள் இன்று இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம் வகுப்பறையில் இருக்கின்றார்கள்.